உள்ளே கொஞ்சம் காற்றோட்டம்

சகலை என்று ஓர் உறவு இருக்கிறதே, அதைப் போல வம்பு பிடித்த உறவு உலகத்தில் கிடையாது. அண்ணன் தம்பி என்றால் அடித்துக்கொள்ளலாம், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் தலையிட மாட்டார்கள். மச்சான் என்றால் கேலி பேசலாம், அதற்கென்றே ஏற்பட்ட உறவு அது. சகலையோடு சண்டையும் போட முடியாது, உரிமையோடு நாலு வார்த்தை திட்டவும் முடியாது. வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா என்று பல்லைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அக்காளும் தங்கையும் மட்டும் இரண்டு பேரையும் நாள் தவறாமல் தராசில் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார்கள்.

நான் சொல்லப்போகிற மனிதருக்கு வீட்டில் பெரியவர் என்று பெயர். கிழவர் என்று நினைத்துவிடாதீர்கள், தலைமுடி எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அக்காளைக் கட்டியதால் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர், அவ்வளவுதான் விஷயம். வயதில் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் ஒன்றும் கிடையாது. ஆனால் சின்னவர் என்று கூப்பிட்டால் நேற்றுக் கல்யாணமான பிள்ளை மாதிரி காதில் விழுகிறது. பெரியவர் என்றால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். பெயர் வைப்பதிலேயே தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அவருக்கு ஓர் எரிச்சல் உண்டு. வாய் திறந்தால் 'சகலை, சகலை' என்று மரியாதையாகத்தான் பேசுவார். மனசுக்குள் அவன் இவன்தான்.

இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தன. கீழே பெரியவர், மாடியில் சின்னவர். அங்கே நாற்காலியை இழுத்தால் இங்கே தலைமேல் இழுத்தமாதிரி கேட்கும். பெரியவர் சாப்பிட உட்கார்ந்து முதல் கவளத்தை எடுக்கும்போது பார்த்து மேலே எல்லோரும் சிரிப்பார்கள். 'எதுக்கு இப்படிச் சிரிக்கிறான், என்ன கெடைச்சுது இவனுக்கு?' என்ற யோசனையில் அந்தக் கவளம் தொண்டையிலேயே நின்றுவிடும். தனக்கென்று ஒரு வாசல், தலைமேல் யாரும் நடக்காத ஒரு கூரை, இவ்வளவுதான் அவர் வாழ்க்கையில் கேட்டது.

அவர் ஒரு மெத்தைக் கம்பெனியில் நுரை ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தவர். நுரைப் பாளத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் கண்ணாடி மாதிரி மட்டமாக விழும். திடீரென்று ஒருநாள் கம்பெனியைப் பெயர்த்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். வேலை தேடி அலைந்த நாட்களில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் அறிவிப்பு ஒன்றைப் பார்த்தார். கை கால் ஒடிந்தவர்களுக்கு மறுபடி நடக்கப் பழக்குகிற பெரிய ஆஸ்பத்திரி அது. மரம், புதர்ச்செடி, உயிர்வேலி எல்லாம் நடவும் பராமரிக்கவும் ஒரு வருஷம் பயிற்சி, முடிவில் தேறுகிற ஒருவருக்கு நிரந்தர வேலை, தோட்டத்துக்குப் பின்னால் குடியிருக்கத் தனி வீடு. தனி வீடு! பெரியவர் அதை இரண்டு தடவை படித்தார். வீட்டுக்கு ஓடிவந்து மனைவியிடம் சொன்னார். மனைவி மாடிப்படியில் நின்று தங்கையிடம் சொன்னாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசல் வரிசையில் நின்றபோது முதுகுக்குப் பின்னால் ஒரு பழகின செருமல் கேட்டது.

"என்ன சகலை, நீங்களும் வந்திருக்கீங்களா?" என்றார் சின்னவர்.

கேட்டீர்களா? நீங்களுமாம்! அறிவிப்பைக் கண்டுபிடித்தவர் இவர், வழி கேட்டு வந்தவர் இவர். அதுவரை கூரியர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சின்னவருக்கு மூக்கில் வேர்த்ததே இவர் மனைவியின் வாயால்தான். இருந்தும் பெரியவர் வாயெல்லாம் பல்லாக, "ஆமா சகலை, வாங்க, முன்னாடி நில்லுங்க" என்றார். சின்னவரும் கூசாமல் முன்னால் போய் நின்றுகொண்டார்.

பயிற்சி கொடுத்த அம்மாள் இவர்கள் இருவரையும் விட வயதில் இளையவர். முழங்கால் வரை பூட்ஸும் பெரிய தொப்பியுமாக வருவார். எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுப் பெயரைக் கேட்டுக்கொண்டு அவரும் இவர்களைப் பெரியவர், சின்னவர் என்றே கூப்பிட்டார். முதல் பாடம் மரக்கன்று நடுவது. பெரியவர் இடுப்பொடியக் குழி வெட்டி, கன்றை உள்ளே இறக்கி, மண்ணை மூடி, காலால் மிதிமிதியென்று மிதித்தார். கன்று ஆணி அடித்தமாதிரி நின்றது. பக்கத்தில் சின்னவர் கையில் கொப்புளம் போட்டுவிட்டது என்று ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டு, பாதிக் குழி வெட்டியதும் போதும் என்று கன்றை வைத்துவிட்டார். தண்டின் அடி மண்ணுக்கு மேலேயே தெரிந்தது. 'இன்னிக்கு மாட்டினான்' என்று பெரியவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

டீச்சர் வந்து பெரியவரின் கன்றுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைத் தோண்டினார். "பெரியவரே, இதுக்குக் கழுத்து எங்க?"

"கழுத்தா?"

"தண்டு முடிஞ்சு வேர் அகலமா விரியுற இடம் இருக்குல்ல, அதான் கழுத்து. அது வெளிய தெரியணும். உங்கள நிக்க வச்சு கழுத்து வரைக்கும் மண்ணைப் போட்டு மூடினா மூச்சு முட்டாதா? இப்ப நல்லாத்தான் நிக்கும். ரெண்டு மூணு வருஷத்துல தண்டு அழுகிச் சாகும்." சொல்லிவிட்டுச் சின்னவர் பக்கம் திரும்பினார். "இதோ, இதப் பாருங்க. வேர்க்கட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் ஆழம். இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினா போதும். உங்க கையில ஒரு பக்குவம் இருக்கு சின்னவரே."

"ஏதோ நமக்குத் தெரிஞ்ச அளவுக்கு, டீச்சர்" என்று சின்னவர் குழைந்தார்.

சோம்பேறித்தனத்துக்குப் பக்குவம் என்றா பெயர்! பெரியவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தப்பாகச் செய்து திட்டு வாங்கியது கூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. குழி வெட்டச் சோம்பல்பட்டவன் கெட்டிக்காரனாகிவிட்டான், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த எரிச்சலிலேயே மனிதர் தொழிலைக் கற்றுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிக்கொண்ட வேரைக் கீறிவிட்டுத்தான் நட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே பிற்பாடு மரத்தை நெரித்துவிடும் என்று கற்றார். இலைச்சருகு மூடாக்குப் போட்டால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும் என்று கற்றார். முட்டுக்கொம்பில் கன்றை இறுக்கிக் கட்டாமல் காற்றில் ஆடவிட்டால்தான் தண்டு தடிக்கும் என்று கற்றார். வீதியில் போகும்போது வருகிற மரத்துக்கெல்லாம் கழுத்துத் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே போய் ஒருநாள் தபால்பெட்டியில் முட்டிக்கொண்டார். கூடப் படித்தவர்கள் வெயிலுக்குப் பயந்து ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது சகலைகள் இரண்டு பேர்தான்.

கன்றுகள் எல்லாம் பிழைத்து இலை விட்ட சமயத்தில் டீச்சர் அவர்களை உயிர்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி நடைபாதைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் நீளமாக வளர்ந்த சைப்ரஸ் வேலி. பச்சைச் சுவர் எழுப்பினமாதிரி இருந்தது.

"இந்த வேலி அழகுக்காக வச்சதில்ல" என்றார் டீச்சர். "அந்தப் பக்கம் நடக்கப் பழகுறவங்க தடுமாறுவாங்க, விழுவாங்க, அழுவாங்க. அத யாரும் வேடிக்கை பாக்கக் கூடாதுன்னுதான் இது. அதனால நல்லாக் கேட்டுக்குங்க. இதோட பச்சையெல்லாம் மேல்தோல்ல மட்டுந்தான். உள்ள வெறும் குச்சி. மத்த செடிய எப்படி வெட்டினாலும் துளிர்க்கும். இது பச்சையத் தாண்டிக் குச்சியில வெட்டினா, அந்த இடம் அவ்வளவுதான். திரும்ப வராது. அடி அகலமா, உச்சி குறுகலா இருக்கணும், அப்பதான் கீழ வரைக்கும் வெயில் படும். உள்ள காஞ்சது கெடந்தா மட்டும் எடுத்துடுங்க, கொஞ்சம் காத்தோட்டம் வேணும்."

பிறகு பக்கம் பிரித்தார். நடைபாதைப் பக்கம் சின்னவருக்கு. கார்ப் பக்கம் பெரியவருக்கு. "சின்னவர் கலகலன்னு பேசுவார், பேஷண்டுங்களுக்கு நல்லாருக்கும். உங்களுக்குத்தான் பேச்சு பிடிக்காதே" என்றார். யார் சொன்னது பிடிக்காது என்று? பேசுவதற்கு ஆள் கிடைத்தால்தானே! வருஷக் கடைசியில் வேலியைப் பார்த்துத்தான் நிர்வாகியும் தானும் ஆளை முடிவு செய்வோம் என்றும் டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் தன் பங்குக்கு வந்த கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதை நான் ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும். கயிறு கட்டிப் பெரிய கத்தரியை எடுத்தாரானால் நுரை வெட்டின கை அப்படியே இறங்கும். ஒரு இலை முன்னே பின்னே இருக்காது. ஆனால் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? காரை விட்டு இறங்குகிறவர்கள் அவரைப் பார்த்துக் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "இங்க நிறுத்தலாமா?"

வேலிக்கு அந்தப் பக்கமோ திருவிழாக் கூட்டம். "சின்னவரே, இன்னிக்கு என்ன வேலை?" "சின்னவரே, டீ சாப்பிடுறீங்களா?" வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஓர் அம்மாள் தினமும் வந்து, "உங்க பக்கம் இந்தப் பச்சையப் பாத்தாலே இன்னும் நாலு அடி நடக்கணும்போல இருக்குப்பா" என்பார். பெரியவர் கத்தரியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். உங்க பக்கமாம்! வேலி ஒன்றுதானே, இந்தப் பக்கம் இல்லாமல் அந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது?

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு. "தங்கச்சி சொன்னா, அவர் வெட்டின வேலி முன்னாடி நின்னு எல்லாரும் போட்டோ எடுத்துக்கறாங்களாமே?" என்பாள் மனைவி.

"எடுக்கட்டும்."

"உங்க பக்கம் யாராவது எடுத்தாங்களா?"

"என் பக்கம் காருங்க நிக்குது. காரு போட்டோ எடுக்குமா?"

"அதுக்கு ஏன் எம்மேல பாயறீங்க? வயிறெரியுதுன்னா தண்ணி குடிங்க."

"எனக்கென்ன வயித்தெரிச்சல்? நான் எதுக்கு அவரப் பாத்து வயிறெரியணும்?" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் உண்மையாகவே ஒரு செம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தார்.

கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் பரவாயில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுதான் வினையாகப் போயிற்று. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், வேலி லேசாக வளைகிற இடத்தில், பச்சையைக் கையால் விலக்கித் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். ஒரே குச்சிமயம். மூக்குக்கு நேராக ஒரு குச்சி குறுக்கே நின்றது. இடுப்பிலிருந்த சின்னக் கவாத்துக் கத்தரியை எடுத்து நறுக்கென்று அதை வெட்டினார். காய்ந்த குச்சியா என்றால், இல்லை. சும்மா ஒரு குச்சிதானே! டீச்சரே சொல்லவில்லையா, உள்ளே காற்றோட்டம் வேண்டும் என்று? மறுநாள் இன்னொரு குச்சி தோளில் இடித்தது. அதற்கும் கொஞ்சம் காற்றோட்டம். பார்த்து முடித்ததும் பச்சையைத் திரை மாதிரி பழையபடி இழுத்துவிட்டுவிடுவார். வெளியே நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

அந்தச் சந்து வழியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். சின்னவரின் ஒரு தோள், டீ டம்ளர், வாக்கர் அம்மாளின் செருப்பு. ஆனாலும் தினமும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சொறியச் சொறிய அரிப்பு கூடுமே, அந்தக் கதைதான். பார்த்தால் பற்றிக்கொண்டு வரும், பார்க்காவிட்டால் என்ன நடக்கிறதோ என்று இன்னும் பற்றிக்கொண்டு வரும். மழைக்காலம் வந்து போனது. காற்றோட்டம் மட்டும் நிற்கவில்லை.

ஆள் எடுக்கிற நாள் நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் நடைபாதையில் சத்தத்தையே காணோம். என்ன இவ்வளவு அமைதி என்று பெரியவர் பச்சையை விலக்கி, தலையை நுழைத்து, கண்ணை வைத்தார்.

அங்கே ஒரு கண் இருந்தது.

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கண்ணும் பின்னால் போய், மறுபடி வந்து, கொட்டக் கொட்ட விழித்தது. கண்ணுக்குக் கீழே ஒரு மீசை தெரிந்தது. அது யார் மீசை என்று சொல்ல வேண்டியதில்லை.

"சகலை?" என்றது மீசை.

"ம்."

"அங்க என்ன பண்றீங்க?"

"காத்தோட்டம்" என்றார் பெரியவர். "டீச்சர் சொன்னாங்கல்ல. நீங்க?"

"நானும் காத்தோட்டந்தான்."

சின்னவர் கையிலும் ஒரு கவாத்துக் கத்தரி இருந்தது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டபின் மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, சின்னவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"உண்மையச் சொல்லிடறேன் சகலை. உங்க பக்கம் எப்படி இருக்குன்னு பாக்கத்தான். வீட்டுல அவ தொல்லை தாங்க முடியல. பாத்திரம் தேய்ச்சாலும் அதான், துணி மடிச்சாலும் அதான். அத்தான் வெட்டினா கோடு போட்ட மாதிரி இருக்கு, பஸ்ஸுல வரும்போதே தெரியுது, நீங்க வெட்டறது எலி கடிச்ச மாதிரி இருக்குன்னு."

பெரியவர் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினார். "என்ன சொன்னா?"

"எலி கடிச்ச மாதிரின்னு."

"அது இல்ல, அதுக்கு முன்னாடி. என்னப் பத்தி."

"கோடு போட்ட மாதிரின்னு."

"பஸ்ஸுலேர்ந்தே தெரியுதாமா?"

"தெரியுதாம்" என்றார் சின்னவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

பெரியவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. இத்தனை வருஷமாகத் தலைக்கு மேல் நடந்துகொண்டிருந்த மனிதன் தன்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறான்! அந்தச் சந்தோஷத்தில் அவருக்குச் சின்னவர் மேல் திடீரென்று பாசம்கூட வந்துவிட்டது. "அதெல்லாம் பெரிசா எடுத்துக்காதீங்க சகலை, பொம்பளைங்க ஏதாவது சொல்லுவாங்க" என்று ஆறுதல் சொன்னார். பாசம் பொங்கக் கையை நீட்டிச் சின்னவரின் தோளில் தட்டவும் தட்டினார்.

தட்டிய பிறகுதான் விபரீதம் புரிந்தது. சுவர் மாதிரி அடர்ந்த வேலியின் இந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் பக்கத்து ஆளின் தோளைத் தட்ட முடிகிறது! இவர் இங்கிருந்து வெட்டி வெட்டி நடுவுக்குப் போயிருக்கிறார், அவர் அங்கிருந்து வெட்டி வெட்டி நடுவுக்கு வந்திருக்கிறார். இரண்டு பக்கமும் மிச்சம் இருந்தது மெல்லிசாகத் திரை மாதிரி கொஞ்சம் பச்சைதான். அதையும் அன்றைக்கு இரண்டு தலையும் நுழைந்து கலைத்துவிட்டன. கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் நடைபாதை பளிச்சென்று தெரிந்தது. வாக்கர் அம்மாள் தடுமாறித் தடுமாறி வருவதும் தெரிந்தது.

"போச்சு, குடி கெட்டுது" என்றார் சின்னவர்.

ஓட்டையை அடைக்க அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் பாடாய்ப் பட்டார்கள். பக்கத்துக் கிளைகளை இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள், எட்டவில்லை. கடைசியில் வேறு இடத்தில் வெட்டி விழுந்த பச்சைக் கிளைகளைக் கொண்டுவந்து ஓட்டைக்குள் சொருகினார்கள். வெட்டின கிளை எத்தனை நாளைக்குப் பச்சையாக இருக்கும் என்று பெரியவர் கேட்டார். "அதுக்குள்ள வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க சகலை" என்றார் சின்னவர். அப்படித்தான் நடந்திருக்கும், நிர்வாகிக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால். அவர் தேறி எழுந்து வருவதற்குள் சொருகினதெல்லாம் காய்ந்துபோய், பச்சை வேலிக்கு நடுவே பழுப்பாக ஒரு ஒட்டுத்துணி தைத்தமாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. டீச்சர், நிர்வாகி, வேடிக்கை பார்க்க வாக்கர் அம்மாள், யாருக்கு வேலை கிடைக்கிறது என்று பார்க்க அக்காளும் தங்கையும்கூட வந்திருந்தார்கள். டீச்சர் நடைபாதை வழியாக நடந்துகொண்டே வந்தவர் குழாய்க்குப் பக்கத்தில் நின்றார். கையை விட்டு இழுத்தார். ஒரு கைப்பிடி காய்ந்த கிளை வந்தது. இன்னொரு கைப்பிடி இழுத்தார். கார்கள் தெரிந்தன.

"யார் வேலை இது?"

இரண்டு சகலைகளும் பூமியைப் பார்த்தார்கள். 'எவன் பக்கத்துலேர்ந்து வெட்டினதுன்னு எப்படித் தெரியும், வாயத் தெறக்கக் கூடாது' என்று பெரியவர் உள்ளுக்குள் முடிவு கட்டிக்கொண்டிருந்தபோதே பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"நான்தான் டீச்சர்" என்றார் சின்னவர். ஒரு அடி முன்னால் வேறு வந்து நின்றார். "எங்கையாலதான் வெட்டினேன். பெரியவர ஒண்ணும் சொல்லாதீங்க."

இப்போது பெரியவர் செய்ய வேண்டியது என்ன? ஒன்றுமே இல்லை. சும்மா நிற்க வேண்டும். நின்றிருந்தால் வேலை அவருக்கு, தனி வாசல் வைத்த வீடு அவருக்கு. ஆனால் அவர் டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டார். அதிலிருந்த கோபம் இறங்கி ஒரு கனிவு வந்திருந்தது. "ஒத்துக்கிட்டீங்களே, அதுக்கே ஒரு மனசு வேணும்" என்றார் டீச்சர். நிர்வாகி தலையை ஆட்டினார். "தங்கமான பிள்ளை" என்றார் வாக்கர் அம்மாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பார், ஆனால் தன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னவரையே பார்ப்பதைப் பார்த்தார் பாருங்கள், அதோடு முடிந்தது.

'இதுலயும் முந்திட்டானே!'

"அவர் கெடக்கறார் டீச்சர்!" என்று பெரியவர் கத்தினார். "மொதல்ல வெட்டினது நான்! மழைக்கு முன்னாடியே ஆரம்பிச்சது நான்தான்!"

"இல்ல டீச்சர், சகலை என்னக் காப்பாத்தறதுக்காகச் சொல்றார்" என்றார் சின்னவர்.

"ஒங்கள நான் ஏன் காப்பாத்தணும்? உள்ள கைய விட்டுப் பாருங்க டீச்சர். நான் வெட்டினதுதான் அதிகம். அவர் வெட்டினது என்ன, ரெண்டு குச்சி! அதுக்குப் போயி இந்தப் பேச்சு!"

டீச்சர் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். ஓட்டைக்குள் தலையை விட்டு வெட்டுக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். வெட்டின முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வெட்டியது, கறுத்துப்போன வெட்டு பழசு, வெளுத்திருப்பது புதுசு. இதெல்லாம் அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் போல. பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"பெரியவர் சொல்றதுதான் சரி" என்றார் டீச்சர். "மொதல்ல வெட்டினது இவர்தான். நிறைய வெட்டினதும் இவர்தான். சின்னவரது பாதிகூட இல்ல."

பெரியவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சின்னவரைத் திரும்பிப் பார்த்தார். வருஷம் முழுக்க நடந்த போட்டியில் முதல் தடவையாக அவர் ஜெயித்துவிட்டார். எதில் ஜெயித்தோம் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது உறைத்தபோது டீச்சரும் நிர்வாகியும் தள்ளிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வேலை ஒருத்தருக்குத்தான்" என்று திரும்பிவந்து சொன்னார் டீச்சர். "கம்மியாக் கெடுத்தவருக்குக் குடுக்கறதுதான் நியாயம். வெட்டறதுல உங்கள மாதிரி ஆள நான் பாத்ததில்ல பெரியவரே. ஆனா இந்த எடம் இனிமே துளிர்க்காது. புதுக் கன்று நட்டு அது ஆள் உயரம் வர்ற வரைக்கும் இவங்கள்லாம் கார்க்காரங்க கண்ணு முன்னாடிதான் விழுந்து எழுந்திரிக்கணும்." வாக்கர் அம்மாள் பக்கம் திரும்பப் பெரியவருக்கு முகமில்லை.

வீட்டில் அவர் ஏச்சை எதிர்பார்த்துக்கொண்டுதான் போனார். நடந்தது வேறு. மனைவி சாப்பாடு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"வேலை போனாப் போவுது" என்றாள். "எத்தனை பேரு வாயத் தெறப்பாங்க? அடுத்தவன் பழிய ஏத்துக்கறான், நமக்கென்னன்னு நிக்காம, நான்தான்னு சொன்னீங்களே. எனக்கு அப்படியே மெய் சிலிர்த்துப் போச்சு. எம் புருஷன்னு தலை நிமிர்ந்து சொன்னேன் தங்கச்சிகிட்ட."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாயால் அவர் கேட்டிராத பேச்சு இது. பெரியவர் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அந்தப் பேச்சுக்குத் தான் உரியவன் இல்லை என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

பயிற்சியின் கடைசி நாள் அவர் கருவிகளைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் குழாயடியில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து வேறு வேலை தேடி அலைய வேண்டும். சின்னவர் வந்து எதிரே நின்றார். வேலை கிடைத்த மனிதனின் முகமாக அது இல்லை.

"சகலை, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு உங்களால எப்படி முடிஞ்சுது?"

"எது?"

"நான் ஒத்துக்கிட்டது பெரிய விஷயமில்ல. டீச்சர் எப்படியும் கண்டுபிடிச்சுடுவாங்க, முந்திக்கிட்டா நல்லதுன்னு ஒரு கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். நீங்க பேசாம நின்னிருந்தா எல்லாம் உங்களுக்கு. அப்பவும் சொன்னீங்க." சின்னவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல நிம்மதியே இல்ல. வேலை கெடைச்ச சந்தோஷமே அவளுக்கு இல்ல. எந்திரிச்சதுலேர்ந்து இதே பாட்டுதான். அத்தான் மனசு யாருக்கு வரும், நீங்க அந்த மனுஷன் வயித்துல அடிச்சு வாங்கின வேலைதானே இதுன்னு. வேலை எனக்கு வந்துடுச்சு, பேரு உங்களுக்குப் போயிடுச்சு. வெக்கத்த விட்டுச் சொல்றேன், எனக்குப் பொறாமையா இருக்கு சகலை. அந்த மனசு எனக்கு ஏன் வரல?"

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'அடப் போங்க சகலை, மனசாவது ஒண்ணாவது, நீங்க முந்திட்டீங்களேங்கற ஆத்திரத்துல சொன்னேன்' என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நிம்மதியாகப் போய்ப் புது வீட்டில் தூங்கியிருப்பார். அந்த வாக்கியம் பெரியவரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் சின்னவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அது வாடிப்போய் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆசை அடங்கவில்லை.

"அதெல்லாம் பிறவிக் குணம், சகலை" என்றார் பெரியவர். "பழகி வர்றதில்ல."

சின்னவர் தலையை ஆட்டிக்கொண்டு, திரும்பித் தோட்டத்தின் பின்பக்கமாக நடந்தார். அவர் சட்டைப்பையில் புது வீட்டுச் சாவிக்கொத்து குலுங்கியது. அந்தச் சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் பெரியவர் கழுவி முடித்த மண்வெட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.